முன்வயலைக் கேட்காத பெட்டி

ஜனவரி 29, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். பனிமூட்டத்தில் எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. காற்று அசையவே இல்லை. கடலில் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது, புதன்கிழமை டெல்டாவில் மழை என்று முந்தின நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கைபேசி ஒரு தடவை அடித்து நின்றது. உடனே மறுபடி ஒரு தடவை அடித்து நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரு மிஸ்டு கால் வந்தால் 'முடிந்தபோது கூப்பிடுங்கள்' என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு வந்தால் அவசரம். கூப்பிட்டேன்.

"அண்ணே, ஆரோக்கியமேரி பேசுறேன். பிள்ளைவாய்க்கால் உள்வயல். ஏழாவது முறைன்னு உங்க குரல்லதானே சொல்லுச்சு? அறுப்பு வண்டி வந்து ரோட்டுல நிக்குது. அதை எந்த வழியா உள்ள விடுறது?"

"முன்னால யாரு?"

"என்னண்ணே, உங்களுக்குத் தெரியாதா? கலியபெருமாள் பன்னிரண்டு மா. இன்னும் பச்சையா நிக்குது."

"அவர்கிட்ட ஆபீஸ்லேர்ந்து யாரும் கேக்கலையா?"

"ஆபீஸ்ல யாரு இருக்கா கேக்குறதுக்கு? நீங்க வாங்கி வச்ச பெட்டிதானே இருக்கு?"

திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு விவசாய இயந்திர வாடகைச் சங்கத்தில் நான் இருபத்தொன்பது வருடம் எழுத்தராக இருந்தேன். உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு வண்டி, இவற்றை உறுப்பினர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதுதான் சங்கத்தின் வேலை. எழுத்தர் என்று பெயரே தவிர, என் நாள் முழுவதும் தொலைபேசியில்தான் போனது. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. இப்போது பக்கத்துச் சங்கங்கள் இரண்டு, தொலைபேசிக்குத் தானியங்கி வைக்கலாம் என்றிருக்கிறோம், செலவு குறைவாக எது நல்லது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கின்றன. விலைப்பட்டியல் மட்டும் எழுதி அனுப்பினால் அவர்களும் நான் வாங்கியது போலவே வாங்கிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணிதத்தில் பட்டம் வாங்கியவன் நான். தஞ்சாவூரில் ஆறு மாதம் கூட்டுறவுக் கணக்குப் பயிற்சி. அங்கே கற்றது எதுவும் எனக்கு உதவவில்லை. வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் செயலாளர் சாமுவேல் சார். லுத்தரன் பள்ளியில் ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர். தொலைபேசி அடித்தால் நாற்காலியிலிருந்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நின்றபடிதான் எடுப்பார். எதிர்முனையில் மாவட்ட அதிகாரியாக இருந்தாலும், மூன்று மாவுக்கு, அதாவது ஓர் ஏக்கருக்கு, குத்தகைக்காரனாக இருந்தாலும் அதே நிற்றல்தான். ஏன் சார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"உக்காந்து பேசினா 'நாளைக்குப் பாக்கலாம்'னு சொல்லத் தோணும்பா. நின்னுக்கிட்டிருந்தா சீக்கிரம் முடிக்கணும்னு தோணும். முடிக்கணும்னா பதில் சொல்லித்தானே ஆகணும்?"

அறுவடைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அவர் மூன்று கேள்வி கேட்பார். வரிசை மாறாது. முதல் கேள்வி, எந்த வாய்க்கால்? இரண்டாவது, தரை காய்ந்திருக்கிறதா, ஈரமா? காய்ந்த தரை என்றால் டயர் வண்டி போகும். ஈரம் என்றால் அது புதைந்துவிடும், பெல்ட் வண்டி வேண்டும். மூன்றாவது, முன்னால் யார்?

இந்த மூன்றாவது கேள்விதான் எங்கள் தொழில். எங்கள் பக்கத்து வயல்களில் பாதிக்கு மேல் சாலையைத் தொடாதவை. சாலையோரம் ஒருவர் வயல், அதற்கு உள்ளே இன்னொருவர், அதற்கும் உள்ளே மற்றொருவர். உள்ளே போகத் தனிப்பாதை கிடையாது. முன்வயல் அறுத்து முடிந்தால் அந்த அடித்தாளின் மேலே ஏறித்தான் வண்டி உள்வயலுக்குப் போக முடியும். ஆகையால் முன்னே இருப்பவர், உள்ளே இருப்பவர் இருவரையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் முன்வயல்காரரிடம் வரப்போரமாக ஒரு பாதை கேட்க வேண்டும்.

அதை யார் கேட்பது? சாமுவேல் சார் இதில் கண்டிப்பாக இருந்தார். உள்வயல்காரரைக் கேட்க விடமாட்டார். அவரே கூப்பிட்டு, "ஆபீஸ்லேர்ந்து பேசறேன், வியாழக்கிழமை உங்க வரப்போரம் பன்னிரண்டு அடி வேணும்" என்பார். ஒரு விவசாயி இன்னொரு விவசாயியிடம் பாதை கேட்டால் அது கடன்பட்டதாகிவிடும். அடுத்த வருடம் தண்ணீர்ப் பங்கீட்டிலோ வரப்புத் தகராறிலோ அது திரும்ப வரும். ஆபீஸ் கேட்டால் அது முறை. யாரும் யாருக்கும் தாழ்ந்து போக வேண்டியதில்லை. இருபத்தொன்பது வருடத்தில் நான் செய்ததெல்லாம் இதுதான்: பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வயல்காரர்களுக்கு நடுவில் ஒரு தொலைபேசியாக இருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் தலைவர் நடராஜன் ஒரு வெளியூர்க் கம்பெனியிடம் தானியங்கிப் பதில் ஏற்பாடு செய்தார். நான்கு வேலி, அதாவது இருபத்தாறு ஏக்கருக்கு மேல், நிலம் உள்ளவர், நல்ல மனிதர், சங்கத்துக்காகச் சொந்தக் காரில் அலைகிறவர். மாத வாடகை ஆறாயிரத்து ஐநூறு. அதற்கு மேல் நிமிடத்துக்கு ஒரு கட்டணம். ஒரு பெண் குரல், "அறுவடை இயந்திரத்திற்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும். முதல் மணியிலேயே எடுத்துவிடும். மிஸ்டு கால் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. "அடிச்ச உடனே எடுத்து என் காசைத் தின்னுது" என்று பலர் ஆபீசுக்கே வந்து சண்டை போட்டார்கள். வேறு சிலர் இயந்திரத்தோடு பேசினார்கள். "இருங்கம்மா, கண்ணாடி எடுத்துட்டு வந்து அமுக்குறேன்" என்று ஒருவர் போனைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அத்தனை நிமிடத்துக்கும் சங்கம் பணம் கட்டியது. ஒப்பந்தம் முடிந்து விலக நினைத்தபோதுதான் தெரிந்தது, ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுத்த அந்தத் தொலைபேசி எண்ணே கம்பெனியுடையது, நம்முடையது இல்லை என்று.

அதற்குப் பிறகு நடராஜன் என் வீட்டுக்கு வந்தார். சம்பா அறுவடைக்கு முன்னால் மலிவாக வேறொன்று பார்த்துக் கொடுங்கள் என்றார். ஓய்வு பெற்றவனைத் தேடி வந்து கேட்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். அன்றிலிருந்து தூக்கம் போனது.

மூன்று வழி பார்த்தேன். முதலாவது, இன்னொரு கம்பெனி. மாத வாடகை ஆயிரத்து ஐநூறுதான், ஆனால் நிமிடக் கணக்கு அதே. கண்ணாடி எடுக்கப் போனவரை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். இரண்டாவது, பழைய கைபேசி ஒன்றில் இலவசச் செயலியை ஏற்றி அதையே பதில் சொல்ல வைப்பது. வீட்டிலேயே நான்கு நாள் சோதித்தேன். கைபேசி சூடேறி மதியத்துக்கு மேல் மயங்கிவிடுகிறது. மயங்காத நேரத்தில், என் மச்சினி திருவாரூரிலிருந்து கல்யாண விஷயமாகக் கூப்பிட்டபோது அவளுக்குப் பெல்ட் வண்டியில் பன்னிரண்டாவது முறை கொடுத்துவிட்டது. இரண்டு வாரம் அவள் பேசவில்லை.

மூன்றாவதுதான் பெட்டி. கோயம்புத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் செய்கிறார்கள். சாதாரண சிம் கார்டு போட்டால் போதும். விலை பதினெட்டாயிரத்து ஐநூறு, ஒரே தடவை. மிஸ்டு கால் வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு அதுவே திரும்பக் கூப்பிடும். பதிவுசெய்த குரல் பேசும். பெல்ட் வண்டிக்கு ஒன்று, டயர் வண்டிக்கு இரண்டு. அழுத்தினால், உங்கள் முறை இத்தனையாவது என்று சொல்லும். மின்சாரம் போனால் நான்கு மணி நேரம் பேட்டரியில் ஓடும். எண் நம்முடையது. குரலை நாமே மாற்றிக்கொள்ளலாம். வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த நான்கையும் கேளுங்கள்: மிஸ்டு காலை மதிக்கிறதா, மின்சாரம் போனால் என்ன ஆகும், எண் யாருடையது, குரலை மாற்ற யாரைக் கூப்பிட வேண்டும்.

குரல் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று நிர்வாகக் குழு சொன்னது. ஜனங்களுக்குப் பழகிய குரல். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பதிவுசெய்தேன். ஒன்றிலிருந்து நூறு வரை தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு என்று சொல்லும்போது லேசாக இருமல் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் பெட்டிக்கு முன்வயல் தெரியாது. அதைக் குழுவிடம் சொன்னேன். பெட்டி வரிசை கொடுக்கட்டும், ஆனால் அறுவடைக் காலம் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு ஆளைப் போட்டு, ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு முன்னால் யார் என்று கேட்க வைக்க வேண்டும், நாளுக்கு முந்நூறு ரூபாய், பதின்மூன்றாயிரத்து ஐநூறு ஆகும் என்றேன்.

நடராஜன் சிரித்தார். "மனுஷன் வேணும்னா மிஷின் எதுக்குங்க?"

"மிஷின் வரிசையைத்தான் சொல்லும். பாதையைக் கேக்காது."

"பாதையை அவங்களே கேட்டுக்கட்டும். சின்னக் குழந்தைங்களா எல்லாரும்?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க போன் எடுத்த காலத்துல எனக்கு முறை எப்பவும் முதல் பத்துக்குள்ள வந்துடும். எப்படின்னு நான் கேட்டதில்லை. மத்தவங்க கேக்குறாங்க. பெட்டிக்கு நடராஜனும் ஒண்ணு, நாகப்பனும் ஒண்ணு. அது நல்லதுதானே?"

அவருடைய நிலமெல்லாம் சாலையோரம், அதனால்தான் முன்னால் வந்தது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் தோன்றியது. பெட்டி மட்டும் போதும் என்று தீர்மானம் ஆனது. முறை வரும்போது ஆளோ வயலோ தயாராக இல்லாவிட்டால் வண்டி அடுத்த எண்ணுக்குப் போய்விடும், தவறவிட்டவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஆரோக்கியமேரிக்கு ஒன்பது மா குத்தகை. கணவர் குவைத்தில் ஓட்டுநர். சாகுபடி முழுக்க இந்த அம்மாதான். நவம்பர் மழையில் சுற்றிலும் பயிர் மூழ்கி எல்லோரும் மறுநடவு செய்தபோது, அவர் நிலம் சற்று மேடு, தப்பியது. தப்பியதுதான் இப்போது சிக்கல். அவர் நெல் முற்றிப் பழுத்துவிட்டது. முன்னால் கலியபெருமாள் மறுநட்ட பயிர் இன்னும் ஒரு வாரம் கேட்டது. வழக்கமாக முன்னும் பின்னும் ஒரே ரகம், ஒரே நாள் நடவு. பாதை பிரச்சினையே எழாது. இந்த வருடம் எழுந்தது.

முறையைத் தவறவிட்டால் அவர் அறுபத்தொன்றாவது ஆள். அதாவது பிப்ரவரி இரண்டாம் வாரம். புதன்கிழமை மழை பெய்தால் பழுத்த கதிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைவிடும். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். குத்தகை நெல் அளக்கவில்லை என்றால் அந்த ஒன்பது மாவை வாங்கிக்கொள்ள வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். இதையெல்லாம் அந்த அம்மா என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத ஊர் அது.

மொபெட்டை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குள் போய்விட்டேன். பனி காய்ந்தால்தான் கதிரில் வண்டி இறங்கும். பத்து மணிவரை எனக்கு நேரம் இருந்தது. பெல்ட் வண்டி சாலையோரம் புகை கக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், வண்டியின் படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்கு மேல நின்னா வெயிட்டிங் போடுவேனுங்க சார். எட்டாம் நம்பர்க்காரர் இப்பவே ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு."

நடராஜனைக் கூப்பிட்டேன். "வரிசை வரிசைதாங்க. ஒருத்தருக்கு நிறுத்தினா நாளைக்கு நூறு பேருக்கு நிறுத்தணும். அடுத்த நம்பருக்குப் போகச் சொல்லுங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது.

"நீங்க கலியபெருமாள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று ஆரோக்கியமேரியிடம் கேட்டேன்.

"நானா? வரப்பை வெட்டினாருன்னு எங்க வீட்டுக்காரர் பஞ்சாயத்து வச்சதுலேர்ந்து மூணு வருஷமா முகம் பாக்குறதில்லை. எப்பவும் நீங்கதானே கேப்பீங்க? பெட்டி ஒண்ணை அமுக்கச் சொல்லுச்சு, அமுக்கினேன். மிச்சத்தை ஆபீஸ் பாத்துக்கும்னு நெனச்சேன்."

நாங்கள் வைத்த பெட்டிக்கு வெளியே பாதை கேட்கும் வேலை ஒன்று இருக்கிறது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது நின்றுபோனது என்றும் யாரும் சொல்லவில்லை.

கலியபெருமாள் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழும் தூரம்தான்.

"வாங்க கோவிந்தராஜ். ரிடயர்டு ஆன ஆளுக்குக்கூட வேலை கொடுக்குதா உங்க பெட்டி?"

"பாதை வேணும்."

"யாருக்கு?"

"உள்வயலுக்கு."

"உள்வயல்காரங்க கேக்கலையே."

"அவங்க கேக்க மாட்டாங்க. கேட்டா நீங்க கொடுக்கவும் மாட்டீங்க. ஆபீஸ் கேக்குது."

"ஆபீஸா? எங்க இருக்கு ஆபீஸு? பென்ஷன்கூட இல்லாத ஆளு நீங்க, நீங்களா ஆபீஸு?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை ஒரு போன் வந்திருந்தா ரெண்டு ஆளை விட்டு வரப்போரம் நானே அறுத்து மாட்டுக்குப் போட்டிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டு, ரோட்டுல போற வர்றவனெல்லாம் பாக்குறப்ப கேக்குறீங்க. இல்லைன்னா நான் கெட்டவன். சரின்னா ஏமாந்தவன். நீங்களே சொல்லுங்க, நான் எதுவா இருக்கணும்?"

உண்மையில் நாலைந்து பேர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வித்தவரா இருங்க" என்றேன். "பாதையை நான் வாங்கிக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "என்ன விலை?"

வயலின் நீளம் முந்நூறு அடி என்று எனக்கு முன்பே தெரியும். அகலம் பன்னிரண்டு அடி. பெருக்கினால் எட்டேகால் சென்ட், அதாவது கால் மா. மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை என்று வைத்தால் மூன்று மூட்டை. அவர் நான்கு என்றார். பச்சையில் அறுக்கும் நெல்லை நீங்களே எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள், இரண்டு என்றேன். வைக்கோல் போச்சே என்றார். காயப்போட்டால் மாடு தின்னும் என்றேன். மறுநடவுக்கு நாற்று வாங்கிய கதையை ஆரம்பித்தார். நான் நவம்பர் வெள்ளத்தின் கதையை எடுத்தேன். நடுவில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பனி விலகி வெயில் ஏறிவிட்டது. டிரைவர் தன் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்றில் நின்றோம். மூட்டை ஆயிரத்து முந்நூறு.

"காசு யாரோடது? சங்கத்தோடதா?"

"என்னோடது."

"உங்க காசை நான் எப்படிங்க வாங்குறது?"

"வாங்கித்தான் ஆகணும். வாங்கலைன்னா நீங்க அவங்களுக்குச் செஞ்ச உதவியாயிடும். அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் கஷ்டம்."

அவர் கைபேசியை எடுத்துப் பணம் அனுப்ப வேண்டிய எண்ணைக் காட்டினார். அங்கேயே அனுப்பினேன். பணம் வந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு எழுந்து டிரைவரிடம், "வரப்பை இடிச்சேன்னா கொன்னுடுவேன், பாத்து ஓட்டு" என்றார். மணி பதினொன்று பத்து.

வண்டி பச்சைப் பயிரில் இறங்கியது. காய்ந்த கதிரை அறுக்கும் சத்தம் வேறு, பச்சையை அறுக்கும் சத்தம் வேறு. ஈரத்துணியைக் கிழிப்பது போல இருந்தது. கலியபெருமாள் பார்க்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஆரோக்கியமேரி எதிர்வரப்பில் நின்று தார்ப்பாயை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தார். வண்டி உள்வயலுக்குள் ஏறியபோது அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். இரண்டு மணி சுமாருக்கு ஒன்பது மாவும் முடிந்து நெல் டிராக்டர் டிரெய்லரில் ஏறியது.

காத்திருப்புக் கூலியில் பாதியைத் தள்ளி ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டார் டிரைவர். எட்டாம் நம்பர்க்காரர் என்னைப் போனில் திட்டினார். அவர் வயல் மாலைக்குள் அறுபட்டுவிட்டது என்றாலும் திட்டினார். நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆரோக்கியமேரி வீட்டுக்கு வந்து ஆயிரத்து முந்நூறை மேசையில் வைத்தார்.

"ஒரு மூட்டை என்னோடதுண்ணே. மூணையும் குடுக்க இப்ப முடியாது. ஒண்ணைக் குடுக்காம இருக்கவும் முடியாது."

எடுத்துக்கொண்டேன். எடுக்காவிட்டால் கலியபெருமாளிடம் நான் பேசியது எனக்கே பொருந்தாமல் போய்விடும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மழை வந்தது. மழை பெரிதில்லை, காற்றுதான் பெரிது. வியாழக்கிழமை காலையில் கலியபெருமாள் என் வாசலில் நின்றார்.

"பாதை விட்ட இடத்துல காத்து பூந்துடுச்சு. வரப்போரம் அடைச்சு நின்ன பயிரை எடுத்துட்டீங்க. பன்னிரண்டு மாவும் படுத்துடுச்சு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பாதையின் விளிம்பில் பயிர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது உண்மை. வயலின் நடுவிலும் சாய்ந்திருந்தது. பாதையே விடாத பக்கத்து வயல்களிலும் அங்கங்கே சாய்ந்திருந்தது. வரப்பில் மேலும் கீழும் நடந்தேன். எந்தப் பக்கமிருந்து காற்று நுழைந்தது என்று கதிர்கள் சாய்ந்த திசையை வைத்துக் கணக்குப் போடப் பார்த்தேன். நாலா திசையிலும் சாய்ந்திருந்தன. அவர் சொன்னது சரியா என்று அன்றைக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. காற்றடித்தால் இப்போதும் அந்த விளிம்புதான் நினைவுக்கு வருகிறது.

நெல் முளைவிடுவதற்குள் அடுத்த வாரம் அறுத்துவிட்டார்கள். நின்ற பயிருக்கு நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். சாய்ந்த பயிருக்கு ஆறு ஆனது. அந்தக் கூடுதல் இரண்டு மணி நேர வாடகை ஐயாயிரத்தைக் கேட்டார். காற்றுக்குப் பாதி, எனக்குப் பாதி என்றேன். "காத்துகிட்ட நான் எப்படி வசூல் பண்ணுறது?" என்றார். கடைசியில் இரண்டாயிரத்து ஐநூறு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று, "உங்களைச் சொல்லி என்ன ஆகப்போவுது, அந்தப் பெட்டியைச் சொல்லணும்" என்றார்.

குழுக் கூட்டத்தில் நடந்ததையும் எனக்கு ஆன செலவையும் சொன்னேன். நடராஜன் பொறுமையாகக் கேட்டார்.

"கொடுத்துடலாம்னுதான் எனக்கும் ஆசை. எந்தத் தலைப்புல எழுதுறது? பயிர் இழப்புன்னா இன்சூரன்ஸ் கேப்பாங்க. பாதைன்னா, சங்கத்துக்கு அங்க நிலம் இருக்கான்னு தணிக்கைல கேப்பாங்க."

"தலைப்பு வேணாம். நாற்பத்தஞ்சு நாளுக்கு ஆள் போடுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எட்டாம் நம்பர்க்காரரும் குழுவில் இருந்தார். அவர்தான் முதலில் கை தூக்கினார்.

அடுத்த அறுவடைக்கு அந்த வேலைக்கு வந்தவர் ஆரோக்கியமேரி. எந்த வயலுக்கு முன்னால் எந்த வயல் என்று உள்வயல்காரர்களுக்கு மனப்பாடம். தினம் காலையில் பெட்டியில் விழுந்த எண்களைக் கூப்பிடுவார். முதல் நாள் கலியபெருமாள் என்னிடம் வந்து, "அவங்க கூப்பிட்டா நான் எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். இரண்டாம் நாள் நான் ஆபீசில் இருந்தபோது ஆரோக்கியமேரி அவருக்குப் போன் போட்டார்.

"வணக்கம். ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்."

மறுமுனையில் அவர் குரல் கேட்டது. "சொல்லுங்க."

அவ்வளவுதான். இரண்டு பேரும் தெருவில் இன்றைக்கும் பேசுவதில்லை.

ஆகவே, கேட்ட சங்கங்களுக்கு என் பதில் இது. பெட்டி வாங்குங்கள், பதினெட்டாயிரத்து ஐநூறு. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு ஆளுக்குப் பதின்மூன்றாயிரத்து ஐநூறு ஒதுக்குங்கள். சிம் கார்டுக்கு மாதாமாதம் பணம் போட மறக்காதீர்கள், நாங்கள் ஒரு தடவை மறந்தோம். எல்லாம் சேர்த்தும், வருடம் எழுபத்தெட்டாயிரம் வாடகையும் நிமிடக் காசும் கேட்ட பழைய ஏற்பாட்டைவிடக் குறைவுதான். ஆளை முதல் வருடமே போடுங்கள். நாங்கள் ஒரு வருடம் தாமதித்தோம். அந்தத் தாமதத்தின் விலை சங்கத்தின் எந்த வரவு செலவிலும் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்: பாதைக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம், டிரைவர் காத்திருந்ததற்கு ஆயிரத்து இருநூறு, காற்றுக்கு என் பங்கு இரண்டாயிரத்து ஐநூறு, மொபெட்டுக்குப் பெட்ரோல் நூற்றுப் பத்து, ஆரோக்கியமேரி வைத்துவிட்டுப் போன ஆயிரத்து முந்நூறு கழிவு. போக, என் கையிலிருந்து ஆறாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.